சந்தேகத்துக்கு இடமான அமைதி

குடையைப் பார்த்து ஒரு குதிரை கொட்டாவி விட்டால் அதற்கு என்ன பொருள் என்பதைப் பற்றிக் குதிரை நல ஆய்வு நிலையத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. குதிரை நிம்மதியாக இருக்கிறது என்பது அந்த இரண்டிலும் சேராது.

கொட்டாவி விட்ட குதிரையின் பெயர் மேஸ்திரி. ரொட்டி வண்டி இழுப்பது அதன் வேலை. தெருவில் எங்கே சுவர் எழும்பினாலும் பள்ளம் தோண்டினாலும் வண்டியோடு நின்று, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்வையிட்டுவிட்டுத்தான் நகரும். அதனால் வந்த பெயர். அதை அன்று நிலையத்துக்கு அழைத்துப் போகும்படி ரொட்டிக்காரரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நிலையத்தின் மதில் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: ‘உங்கள் குதிரை மகிழ்ச்சியாக இருக்கிறதா? அறிவியல் முறைப்படி தெரிந்துகொள்ளுங்கள்.’ தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரொட்டி போகும். படிக்கப் படிக்க, அது தன்னைப் பாராட்டுவதற்காகவே எழுதப்பட்ட கேள்வி என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தன் குதிரையைப் போல நிதானமான குதிரை ஊரில் இல்லை என்பது அவருக்கு இருந்த ஒரே தற்பெருமை.

அவர் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

“நல்லாத்தானே இருக்கு? நல்லா இருக்கிறதை எதுக்கு ஒருத்தர்கிட்ட கொண்டுபோய்க் காட்டணும்?”

“நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க.”

“அவங்க சொன்னா இன்னும் நல்லா இருக்குமா?”

அவர் யோசித்தார். அவர்கள் வீட்டில் பாதிப் பேச்சுகள் இப்படித்தான் முடியும். ஒருவர் கேட்பார், மற்றவர் யோசிப்பார், அதற்குள் அடுப்பில் ரொட்டி சிவந்துவிடும்.

நிலையத்தின் முற்றத்தில் குதிரைகள் வரிசையாக நின்றன. அங்கே ஒரு குதிரையை இரண்டு பிரிவினர் ஆராய்ந்தார்கள். முன்பாதி காதுப் பிரிவு அதிகாரிக்கு உரியது. அவர் கண்ணாடி அணிந்த, மெல்லிய குரல் கொண்ட அம்மையார். பின்பாதி வால் பிரிவு அதிகாரிக்கு. வியர்த்துக்கொண்டே இருக்கும் பருத்த மனிதர். இரண்டுக்கும் இடைப்பட்ட வயிறு முதலான பகுதிகளுக்கு இன்னும் ஆள் நியமிக்கப்படவில்லை. பரிசோதனை எளிமையானது. குதிரையின் முகத்துக்கு நேரே ஒரு கறுப்புக் குடையைப் படாரென்று விரிப்பார்கள். காதும் வாலும் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள்.

முதலில் வந்த மணல் வண்டிக் குதிரை வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது. வாடகை வண்டிக் குதிரை பின்னங்காலால் ஒரு நாற்காலியை ஒழித்தது. அதிகாரிகள் திருப்தியாகத் தலையசைத்தார்கள். அவற்றின் உரிமையாளர்கள் தங்கள் குதிரைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மேஸ்திரி குடையைப் பார்த்தது. பிறகு குடையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தது. கம்பிகள் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது போல மறுபடி குடையைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு நீண்ட கொட்டாவி விட்டது.

முற்றத்தில் பேச்சு நின்றது.

“எப்பவும் இப்படித்தானா?” என்றார் காதுப் பிரிவு அம்மையார்.

“எப்பவும் இப்படித்தான் மேடம். பக்கத்துல லாரி ஹாரன் அடிச்சாக்கூடத் திரும்பாது.” ரொட்டிக்காரரின் குரலில் பெருமை வழிந்தது.

“திரும்பிப் பார்க்கக்கூட அதுக்குத் தைரியம் இல்லைன்னு சொல்றீங்க.”

“பயம் இல்லைன்னு சொல்றேன் மேடம்.”

“பயம் இல்லாத குதிரைன்னு ஒண்ணு கிடையாது. பயத்தைக் காட்டுற குதிரை இருக்கு. காட்ட விடாம ஆக்கின குதிரை இருக்கு.” சொல்லிவிட்டு அவர் ரொட்டிக்காரரின் கைகளைப் பார்த்தார். மாவு பிசைந்து பிசைந்து தடித்த கைகள். ரொட்டிக்காரரும் குனிந்து அவற்றைப் பார்த்தார்.

“வால் அசையவே இல்லை,” என்றார் வால் பிரிவு அதிகாரி.

“ஈ எதுவும் இல்லையே சார்.”

“ஈ எங்க ஆய்வு வரம்புக்குள்ள வராது.”

கையுறை அணிந்த ஒருவர் வந்து ரொட்டிக்காரரின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். இது பறிமுதல் அல்ல என்றும் தற்காலிகப் பாதுகாப்பு என்றும் அம்மையார் விளக்கினார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ரொட்டிக்காரர் கேட்கவில்லை. முற்றத்தில் இருந்த எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வெறும் கையோடு வந்தவரை மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை பக்கத்துக் கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கி வந்து, ரொட்டிகளை அடுக்கி, தானே தள்ளிக்கொண்டு போனாள். மேட்டுத் தெருவுக்கு ரொட்டி போய்ச் சேரும்போது ஆறிப்போயிருந்தது. இப்படியே போனால் அந்தத் தெரு வாடிக்கை கையை விட்டுப் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

குதிரையைப் பார்க்க அனுமதி உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. ரொட்டி வாசனை குதிரையின் மனத்தை வளைக்கக்கூடும் என்பதால் ரொட்டிக்காரரை வாசனையே இல்லாத ஒரு சோப்பால் குளிக்க வைத்தார்கள். தலை முதல் கால் வரை ஒரு வெள்ளை அங்கி. தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி. பேசக் கூடாது, ஏனென்றால் பேச்சு ஒரு தூண்டுதல். அப்படியே கண்ணாடிச் சுவரின் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் மேஸ்திரி வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது. மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

“உங்களைப் பார்த்து அதுகிட்ட எந்த மாற்றமும் இல்லை,” என்றார் அம்மையார். “உங்களை மறக்க முயற்சி பண்ணுது.”

அடுத்த முறை போனபோது தாங்க முடியாமல் ரொட்டிக்காரர் இருமிவிட்டார். உள்ளே குதிரை தலையைத் தூக்கி, காதுகளை விடைத்து, சுவர் அதிரக் கனைத்தது.

“குரல் கேட்டதும் கலவரம்,” என்று அம்மையார் சொல்ல, பின்னாலிருந்து வால் பிரிவு அதிகாரி, “வாலும் தூக்கிடுச்சு,” என்றார். இரண்டு பிரிவுகளும் ஒத்துப்போனது அந்த ஆண்டில் அதுதான் முதல் முறை என்று கையுறைக்காரர் மெதுவாகச் சொன்னார். அதில் ஒரு வாழ்த்துத் தொனி இருந்தது.

ரொட்டிக்காரர் வீட்டுக்கு நடந்துவரும்போது, தெரிந்த தெருவே கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பூக்கடைக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். வழக்கம்போல என்றால் என்ன? தினமும் ஒரே மாதிரி ஒரு மனிதரால் எப்படிச் சிரிக்க முடியும்? வாடகை வண்டிக் குதிரை ஒன்று மரத்தடியில் கண்ணை மூடி நின்றது. தூங்குகிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். வீட்டில் மனைவி முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார்.

“என்ன அங்கேயே நின்னுட்டீங்க?”

“நீ சந்தோஷமா இருக்கியா?”

“மாவு கையெல்லாம் ஒட்டுது. அப்புறம் சொல்றேன்.”

அவள் திரும்பவே இல்லை என்பதை அவர் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். அப்புறம் அவள் சொல்லவும் இல்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

இதற்கிடையே நிலையத்தில் குதிரையிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. குதிரையின் சம்மதம் இல்லாமல் குதிரையைப் பற்றி எதையும் தீர்மானிப்பது அநாகரிகம் என்று இயக்குநர் கருதினார். சுவரில் இரண்டு பலகைகள் மாட்டினார்கள். ஒன்றில் வட்டம், ஒன்றில் குறுக்குக் கோடு. வட்டத்தை மூக்கால் தொட்டால் ஆமாம், கோட்டைத் தொட்டால் இல்லை. நிலையத்தில் இருந்த மற்றக் குதிரைகள் இதில் ஏற்கெனவே தேறியிருந்தன. ‘கேரட் வேண்டுமா’ என்ற கேள்விக்கு அவை ஒருமுறைகூடத் தவறான பதில் சொன்னதில்லை.

ரொட்டிக்காரரையும் சாட்சியாக நிற்க வைத்தார்கள். அம்மையார் தெளிவாக, இடைவெளி விட்டுக் கேட்டார்.

“நீ, உன் வீட்டில், மகிழ்ச்சியாக இருந்தாயா?”

மேஸ்திரி இரண்டு பலகைகளையும் நிதானமாகப் பார்வையிட்டது. வட்டப் பலகையின் ஆணி சரியாக அடிக்கப்படவில்லை. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கிட்டே போய் அதைப் பல்லால் பிடுங்கிக் கீழே போட்டு, ஒரு மூலையைக் கடித்துத் தின்றது.

“‘ஆமாம்’ங்கிறதையே அழிச்சிடுச்சு,” என்றார் வால் பிரிவு அதிகாரி. “இதுக்கு மேல ஒரு குதிரை எப்படிச் சொல்லும்?”

“இல்லை. அது ‘ஆமாம்’னு சொல்ல ஆசைப்பட்டிருக்கு. கிடைக்காத சந்தோஷத்தை விழுங்கிப் பார்த்திருக்கு,” என்றார் அம்மையார்.

“ஆணி ஆடுச்சு மேடம்,” என்றார் ரொட்டிக்காரர்.

இருவரும் அவரை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். குதிரைக்காகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று அம்மையார் கனிவோடு விசாரித்தார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவரை உரிமையாளர் அனுபவ வகுப்புக்கு அனுப்பினார்கள். குதிரையின் நிலையை உணர்வதற்காக உரிமையாளருக்கே தலைக்கயிறு மாட்டி நடத்திக் காட்டும் வகுப்பு அது. வட்டமான மணல் தரை. நடுவே ஒரு பயிற்றுநர். அவர் கயிற்றை லேசாக இழுத்ததும் ரொட்டிக்காரர் நடந்தார். தளர்த்தியதும் நின்றார். இடது பக்கம் இழுத்தால் இடது, வலது பக்கம் இழுத்தால் வலது. எதிரே படாரென்று குடையை விரித்தார்கள். குடைதானே என்று அவர் சும்மா நின்றார்.

பயிற்றுநர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அம்மையாரைக் கூப்பிட்டார். இருவரும் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“எதிர்ப்பே இல்லை,” என்றார் பயிற்றுநர்.

“இவரை யார் இப்படிப் பழக்கினதுன்னு தெரியலையே,” என்றார் அம்மையார். முதன்முறையாக அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “வீட்டுல யார் யார் இருக்காங்க?”

“நானும் என் சம்சாரமும்தான் மேடம்.”

“ஓ,” என்றார் அம்மையார். அந்த ‘ஓ’ ரொட்டிக்காரரோடு வீடுவரை நடந்து வந்தது. அன்று இரவு மனைவி தட்டை நகர்த்தி, “சாப்பிடுங்க,” என்றபோது, தான் உடனே உட்கார்ந்ததை அவர் கவனித்தார்.

கடைசியில் இயக்குநரே அவரைப் பார்க்க ஒப்புக்கொண்டார். இயக்குநரின் அறையில் எல்லாமே குதிரைத் தோலால் ஆனவை: நாற்காலி, மேசை விரிப்பு, பேனா உறை. அவற்றின் சொந்தக்காரக் குதிரைகள் இயற்கையாக இறந்தவை என்று நாற்காலியில் ஒரு சிறு தகடு உறுதி கூறியது. இயக்குநர் எழுந்து நின்றார். ஒரே ஒருவர் எதிரே இருந்தாலும் நின்றுகொண்டே பேசுவது அவர் வழக்கம்.

“இந்த நிலையத்தை ஆரம்பிச்சப்ப எங்களுக்கு ஒரே ஒரு குறிக்கோள்தான். சந்தோஷமான குதிரை ஒண்ணைக் கண்டுபிடிக்கணும். அதை வச்சு மத்தக் குதிரைங்களை அளக்கணும். இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை. முதல்ல எங்களுக்கு வருத்தமா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, கிடைக்காததுதான் எங்க கண்டுபிடிப்பே. ஒரு குதிரை சந்தோஷமா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? அடுத்த மாசம் அரசாங்கம் கேட்கும்: அப்ப நீங்க எதுக்கு? இதோ, இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் காதை நம்பிக் குடும்பம் நடத்துறாங்க தெரியுமா? வாலை நம்பி எத்தனை பேர்? அவங்களோட நலனையும் நான்தானே பார்க்கணும்? நலம்னா எல்லா உயிருக்கும்தானே?”

“எனக்கு அதெல்லாம் வேண்டாம் சார். சந்தோஷமா இருக்குன்னு எழுத வேண்டாம். குதிரையைக் கொடுத்தாப் போதும்.”

“எப்படிக் கொடுக்கிறது? கஷ்டப்பட்ட குதிரையை, கஷ்டப்படுத்தினவர் மனசு மாறினதுக்கு அப்புறம்தான் கொடுக்க முடியும். நீங்க கஷ்டப்படுத்தவே இல்லைங்கிறீங்க. அப்ப நீங்க எதுலேர்ந்து மாறுவீங்க? குத்தமே பண்ணாத உரிமையாளருக்கு எங்க விதியில இடமே இல்லை.”

ரொட்டிக்காரர் இதை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். எங்கேயோ ஒரு இடத்தில் தப்பு இருந்தது. ஆனால் அதைத் தொடப் போகும்போதெல்லாம் அது நகர்ந்துவிட்டது.

“வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம்,” என்றார் இயக்குநர். “அதுக்கு அப்புறம் சுதந்திர மைதானத்துக்கு அனுப்பிடுவோம். மலைக்கு மேல இருக்கு. லாயம் கிடையாது, மனுஷன் கிடையாது. இயற்கை மட்டும்தான்.”

“அங்க இருக்கிற குதிரைங்க எப்படி சார் இருக்கு?”

“பழைய வாடகை வண்டிக் குதிரை ஒண்ணை அனுப்பினோம். நாள் முழுக்க வேலி ஓரமா நின்னு கீழே ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. சுதந்திரத்தைப் பத்தி ஆழ்ந்து யோசிக்கிறதா எங்க ஆளுங்க அறிக்கை கொடுத்தாங்க.”

“பனிக்காலத்துல என்ன ஆகும்?”

“இயற்கையா என்ன ஆகணுமோ அது ஆகும்,” என்றார் இயக்குநர். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி மெல்ல முனகியது.

வெளியே நடைபாதையில் வால் பிரிவு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார். யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“உங்களுக்கு யாரும் சொல்லலையா? ஏதாவது ஒண்ணைப் பண்ணினேன்னு சொல்லிடுங்க. எல்லாரும் சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க. சலவை வண்டிக்காரர் உதைச்சேன்னு சொன்னார். மறுநாளே குதிரை வீட்டுல.”

“அவர் உதைச்சாரா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வால்.”

ரொட்டிக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். உதவி செய்யத்தான் சொல்கிறாரா, அல்லது இதுவும் ஒரு பரிசோதனையா, இந்த மனிதர் எப்போதும் வியர்ப்பது உழைப்பாலா பயத்தாலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டாலும் பதிலை நம்ப முடியாது. நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

உரிமையாளர் தன் குற்றத்தைச் சொல்லும் ஒப்புதல் அமர்வைச் சனிக்கிழமை காலை வைத்திருந்தார்கள். நீள மேசை. ஒரு பக்கம் இயக்குநர், அம்மையார், வால் பிரிவு அதிகாரி. எதிரே ரொட்டிக்காரர். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேஸ்திரி. பின் வரிசையில் ‘குடும்பம்’ என்று எழுதிய நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். குடும்பத்தில் ஒருவர் நேரில் கேட்க வேண்டும் என்பது விதி. அமர்வில் தான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளிடம் முந்தின நாளே சொல்ல வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரொட்டி சிவந்துவிட்டது.

“பயப்படாம சொல்லுங்க. இங்க யாரும் தண்டிக்க மாட்டாங்க. இது அறிவியல்,” என்றார் இயக்குநர்.

“ஒரு நாள் சத்தம் போட்டேன் சார்.”

“எவ்வளவு சத்தம்?”

“கொஞ்சம்.”

இயக்குநர் பேனாவை மூடினார். “கொஞ்சம் சத்தம் போட்டதுக்கு ஒரு குதிரை குடையைப் பார்த்துக் கொட்டாவி விடாது.”

ரொட்டிக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். குதிரை அவர் பக்கம் திரும்பி நின்றிருந்தது. அதன் கீழுதட்டில் ஒரு வைக்கோல் ஒட்டியிருந்தது.

“அடிச்சேன்,” என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

“எதால?”

“வாரால.”

“எங்கே?”

“கழுத்துல.”

“என்னிக்கு? எப்படி?”

இதை வால் பிரிவு அதிகாரி சொல்லித் தரவில்லை. ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார். என்ன வரப் போகிறது என்று அவருக்கே தெரியாது.

“மழை சார். மேட்டுத் தெரு ஏறிக்கிட்டு இருந்தோம். வண்டி மேல போட்டிருந்த படுதா கிழிஞ்சு ரொட்டியெல்லாம் நனைஞ்சுடுச்சு. அப்பப் பார்த்து இது நின்னுடுச்சு. அங்க ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கிட்டு இருந்தாங்க. இது நின்னு பார்க்குது. நான் மழையில நனையுறேன், ரொட்டி கரையுது, இது சுவரைப் பார்க்குது. இறங்கினேன். வலது கையில தட்டு இருந்துச்சு. இடது கையால வாரை எடுத்தேன்.”

இயக்குநர் பேனாவை மறுபடி திறந்தார்.

“எத்தனை தடவைன்னு தெரியலை சார். அது ஓடலை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச்சு. யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துச்சு. அதுக்கு அப்புறம் அது எதுக்குமே பயந்ததில்லை. நான் அதை நிதானம்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவர் நிறுத்தினார். மழை அவர் கண்முன்னே பெய்துகொண்டிருந்தது. ஈர வாரின் கனம்கூட இடது கையில் தெரிந்தது. அப்படி ஒரு நாள் நடக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். நடக்காத நாள் இவ்வளவு தெளிவாக எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வால் பிரிவு அதிகாரி, தான் சொன்னதைவிட வெகுதூரம் போய்விட்ட ஒரு மனிதரைப் பார்ப்பது போல வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

“என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான ஒரு ஒப்புதலைக் கேட்டதில்லை,” என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. “வருஷாந்திரக் கருத்தரங்குல நீங்க வந்து இதைப் பேசணும். அப்படியே பேசணும். மழையை விட்டுடாதீங்க.”

கண்ணாடிக்கு அப்பால் மேஸ்திரி கொட்டாவி விட்டது.

“பாரம் இறங்கின கொட்டாவி,” என்றார் அம்மையார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கையுறைக்காரர் கதவைத் திறக்கப் போனார்.

மூவரும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ரொட்டிக்காரர் குதிரையின் இடது பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மனைவி வலது பக்கம். இருவருக்கும் நடுவே குதிரையின் தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வந்தது. வெயில் நன்றாக அடித்தது. லாடச் சத்தம் கேட்டுக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி வந்துவிட்டதே என்று ஒருவர் சிரித்தார். நாளை ரொட்டி சூடாக வருமா என்று இன்னொருவர் கேட்டார். வரும் என்று அவர் சொன்னார்.

பூக்கடையைத் தாண்டியதும் மனைவி கேட்டாள்.

“மேட்டுத் தெருவுல எந்த வீடு?”

“எது?”

“சுவர் எழுப்பிக்கிட்டு இருந்ததா சொன்னீங்களே.”

அவர் சிரித்தார். “அட, அது சும்மா. ஏதாவது பண்ணினேன்னு சொன்னாத்தான் கொடுப்பாங்கன்னு அந்த வால் ஆள் சொன்னார். அதனால சொன்னேன். நான் இதை அடிப்பேனா?”

அவள் தலையசைத்தாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

“அடிச்சேன்னு சொல்லத்தானே அவர் சொன்னார்?”

“ஆமாம்.”

“மழை பெஞ்சுதுன்னு யார் சொல்லச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை. அதுவா வாயில வந்துச்சு.”

“இடது கையால எடுத்தேன்னு சொன்னீங்க.”

“அதுவும் அப்படித்தான்.”

“அழுதீங்களே.”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது அவருக்கே புரியும்படி இல்லை. குதிரை வேண்டும் என்பதற்காகத்தானே அத்தனையும் என்று சொல்ல நினைத்தார். அவளும் அந்தக் குதிரைக்காகத்தானே இத்தனை நாள் வண்டி தள்ளினாள் என்பது நினைவுக்கு வந்தது. தள்ளித் தள்ளி அவள் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்ததை அமர்வு அறையில்தான் பார்த்தார். பேச்சு அங்கேயே நின்றது. இந்த முறை எடுப்பதற்கு அடுப்பில் ரொட்டி இல்லை.

மேஸ்திரியின் கீழுதட்டில் அந்த வைக்கோல் இன்னும் ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம் என்று அவர் இடது கையை உயர்த்தினார்.

குதிரை தலையை லேசாக விலக்கியது.

வெயில் கண்ணில் பட்டிருக்கலாம். கயிறு எங்காவது உறுத்தியிருக்கலாம். குதிரைகள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தலையை அப்படி விலக்கும். அவர் கையை இறக்கினார். மனைவி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார்.

குதிரையின் முன்னால் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அவருக்கும் குதிரைக்கும் நடுவே நின்று, கயிற்றுக்காகக் கையை நீட்டினாள்.

“நீங்க பின்னால வாங்க,” என்றாள்.

அவர் கயிற்றைக் கொடுத்தார். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, அவர்கள் கொஞ்சம் முன்னே போகும்வரை காத்திருந்து, பிறகு நடந்தார்.